கோயில் கதவு மூடியபோது நேர்த்திக்கடனை எங்கே செலுத்துவது?

2021-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி. அன்று போகி. விடிந்தால் தைப்பொங்கல். அந்தப் போகி நாள் பிறந்த நள்ளிரவில்தான் மலாக்காவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இரண்டாம் முறையாக நடப்புக்கு வந்தது. அதற்கு முதல் நாள்தான் நாட்டில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர், சபா, கூட்டரசுப் பிரதேசங்கள் ஆகியவற்றோடு மலாக்காவும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாநில எல்லையைக் கடக்கத் தடை. வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் காரணமின்றிச் செல்லத் தடை. சாலைகளில் போலீஸ் தடுப்பு.

மலாக்கா நகருக்கு வடமேற்கே இருக்கிறது புக்கிட் ரம்பாய். புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ஒரு பழமரம். ஒரு காலத்தில் மலாக்கா வட்டாரத்துத் தமிழர்களின் வாழ்க்கை பால்மரத்தையும் லயத்து வீட்டையும் சுற்றி இருந்தது. இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் தாமான்களில் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். இன்னும் சிலர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சம்பாதிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கேட்டருகே கரும்பு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. புதுப்பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. மூத்த மகன் ஜொகூர் பாருவில். அவரால் எல்லை தாண்ட முடியாது. மகள் கோலாலம்பூரில் தாதி. அவருக்கு விடுப்பு இல்லை. வீட்டில் இருப்பதோ வயதான தாயும் தந்தையும் மட்டும். பால் பொங்கும்போது கைப்பேசியைப் பானைக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் தந்தை. "பொங்கிருச்சாம்மா? நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மகன் கேட்கிறார். அந்த ஆண்டு எத்தனையோ வீடுகளில் பொங்கல் இப்படித்தான் பொங்கியது.

பொங்கல் நன்றித் திருநாள். சூரியனுக்கும் மாட்டுக்கும் மண்ணுக்கும் உழைத்தவருக்கும் நன்றி சொல்லும் நாள். ஆனால் அந்த ஆண்டில் எதற்காக நன்றி சொல்வது? வேலை போனதற்கா? பிள்ளையைப் பார்க்க முடியாததற்கா? பக்கத்து வீட்டில் ஓர் உயிர் போனதற்கா? அன்று பல குடும்பங்களின் மனத்தில் எழுந்த இந்தக் கேள்வி இன்னும் முழுமையாகப் பதில் பெறவில்லை. எல்லாம் திறந்துவிட்ட இந்த நாளில் அதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

நன்றி என்பது உணர்ச்சியா, கடனா?

தமிழில் நன்றியைக் குறிக்கும் சொற்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். நன்றிக்கடன் என்கிறோம். செஞ்சோற்றுக்கடன் என்கிறோம். தெய்வத்துக்குச் செலுத்துவதை நேர்த்திக்கடன் என்கிறோம். மூன்றிலும் இருப்பது கடன். மனத்துக்குள் மகிழ்ந்துவிட்டுப் போவதை நம் மொழி நன்றி என்று ஏற்றுக்கொள்வதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. அது பதினொன்றாம் அதிகாரம். துறவறத்தில் இல்லை, இல்லறவியலில் இருக்கிறது. மனைவி, மக்கள், விருந்து, இனிய சொல் ஆகியவற்றைப் பேசிய கையோடு நன்றியைப் பேசுகிறார். ஆக, நன்றியைக் கற்றுக்கொள்ளும் முதல் பள்ளிக்கூடம் குடும்பம்தான் என்று கொள்ள இடமிருக்கிறது.

நேர்த்திக்கடன் எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் நோயில்தான் பிறக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் தாய் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிப் படத்தின் முன் வைக்கிறாள். "பிள்ளை எழுந்து நடக்கட்டும், பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொள்கிறாள். பிள்ளை எழுந்துவிட்டால் அந்த வார்த்தை கடனாகிவிடுகிறது. மொட்டை, காவடி, தீமிதி, கூழ் வார்த்தல் என எல்லாமே அந்தக் கடனைத் தீர்க்கும் வழிகள். தீர்க்காவிட்டால் மனம் உறுத்திக்கொண்டே இருக்கும்.

கோவிட்-19 காலத்தில் மஞ்சள் துணியில் முடிந்த காசுகள் ஏராளம். ஆனால் கடனைச் செலுத்தப் போன இடத்தில் கதவு மூடியிருந்தது.

மூடிய கதவுகளும் கடந்துபோன திருநாள்களும்

மலேசியாவில் முதல் கோவிட் தொற்று 2020 ஜனவரி 25-ஆம் தேதி உறுதி செய்யப்பட்டது. பிப்ரவரி 8-ஆம் தேதி தைப்பூசம் வழக்கம்போல் நடந்தது. மார்ச் 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் இதை உலகப் பெருந்தொற்று என்று வகைப்படுத்தியது. மார்ச் 17-ஆம் தேதி நாட்டில் முதல் மரணங்கள் பதிவாயின. மறுநாள், மார்ச் 18-ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகளும் வழிபாட்டுத் தலங்களும் மூடப்பட்டன. பெரும்பாலான வேலையிடங்களும் மூடப்பட்டன.

அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நவம்பர் 14-ஆம் தேதி தீபாவளி நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாட்டில் வந்தது. திறந்த இல்ல உபசரிப்பு இல்லை. 2021 தைப்பொங்கல் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள். அதே ஜனவரி 28-ஆம் தேதி தைப்பூசத்தில் பத்துமலை பக்தர்களுக்குத் திறக்கவில்லை. தலைநகரிலிருந்து வெள்ளி இரதம் பக்தர் கூட்டமின்றி ஒருசிலருடன் மட்டுமே போய்ச் சேர்ந்தது. 2022 தைப்பூசத்தில் பால்குடத்துக்கு அனுமதி கிடைத்தது, காவடிக்குக் கிடைக்கவில்லை. 2023-இல்தான் காவடிகள் முழு அளவில் திரும்பின.

மலாக்கா மக்களுக்கு இதன் பொருள் என்ன? ஜாலான் துக்காங் எமாசில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் 1781-இல் எழுப்பப்பட்டது. நாட்டின் மிகப் பழமையான இந்து ஆலயங்களில் ஒன்று. மாசி மகத்தின்போது அங்கிருந்து புறப்படும் முருகப்பெருமானின் இரதம் புக்கிட் ரம்பாய்க்கு அருகிலுள்ள செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வரும். வழி நெடுகத் தேங்காய் உடைக்கும் மக்களுக்கு அது ஊர்வலம் மட்டுமன்று, ஆண்டுக் கணக்கைத் தீர்க்கும் நாள். கூட்டம் கூடுவதே ஆபத்து என்று ஆகிவிட்ட காலத்தில் அந்தக் கணக்கை வீட்டு வாசலிலேயே தீர்க்கும் நிலை வந்தது.

கதவு மூடியதால் இறைநம்பிக்கை குறைந்ததா? குறைந்தது என்று சொல்வதற்கில்லை. வீட்டுச் சாமிமேடையில் விளக்கு எரிந்தது. அர்ச்சகர் தனியாகச் செய்த பூசையைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கும்பிட்டவர்கள் உண்டு. ஆனாலும் பலருக்கு ஒரு குற்ற உணர்வு இருந்தது. கோயிலுக்குப் போகாமல் இருப்பது சாமிக்குச் செய்யும் குறையோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பதில் நம் முன்னோர்களின் வழக்கத்திலேயே இருக்கிறது.

அம்மை கண்ட வீடும் டத்தோ சாச்சாரும்

மலாக்கா காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிபம் செய்ய வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. வழிபடுவது சிவனையும் மாரியம்மனையும். அங்குள்ள ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவை அவர்கள் டத்தோ சாச்சார் என்று அழைக்கிறார்கள். மலாய் மொழியில் சாச்சார் என்றால் அம்மை நோய். தமிழ் மறந்துபோன மக்கள்கூட மாரியம்மனை அம்மை நோயோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரியம்மை பரவிய காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைக் கண்டால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனி இடம், தனிப் பாய், துவைத்த துணி. ஏற்கெனவே அம்மை கண்டு தேறியவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார். பெரியம்மை ஒருமுறை வந்து தேறியவரை மறுபடி தாக்குவது அரிது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். உடம்பு தேறியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி, அதற்குப் பிறகுதான் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள்.

தனிமைப்படுத்தல் என்று சுகாதார அமைச்சு சொன்னது நமக்குப் புதிதல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வீட்டுக்குள் அடங்கி இருப்பதே அன்றைக்குப் பக்தியாக இருந்தது. நோயோடு கூட்டத்துக்குள் போவதுதான் தெய்வக் குற்றமாகக் கருதப்பட்டது. அந்த வழக்கத்தை அறிந்தவருக்கு, கோயில் மூடியிருந்த நாளில் வீட்டில் இருந்தது சாமிக்குச் செய்த குறையாகத் தோன்றாது.

இதில் இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது வேப்பிலை அல்ல, தடுப்பூசி. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் தொடங்கிவைத்த அம்மைக்குத்து, ஊர் ஊராகச் சென்ற சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பால் 1980-இல் வெற்றி பெற்றது. பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு அறிவித்தது. மாரியம்மனைக் கும்பிட்ட கை அம்மைக்குத்துக்கும் நீண்டது. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோதும் சாமி கும்பிட்டுவிட்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம்மில் பலர். நம்பிக்கையும் மருத்துவமும் எதிரிகள் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த வரலாறே பதில்.

1918-ஆம் ஆண்டு இன்புளுவென்சா மலாயாவைத் தாக்கியபோது நிலைமை வேறு. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டனர். அவர்கள் விட்டுவந்த இந்தியாவிலும் அந்தக் காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அன்று அவர்களுக்குத் தடுப்பூசி இல்லை. ஊரிலிருந்து சேதி வரவே மாதங்கள் ஆகும். அந்தத் தலைமுறையின் பேரப் பிள்ளைகளுக்கு ஊசியும் கிடைத்தது, கைப்பேசியில் அம்மாவின் முகமும் கிடைத்தது. இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

வீடு கொடுத்ததும் வீடு வாங்கியதும்

குடும்பங்களை ஒன்று சேர்த்த காலம் என்று பெருந்தொற்றைச் சிலர் புகழ்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஷிப்ட் வேலையால் முகம் பார்க்காமல் இருந்த தந்தையும் பிள்ளையும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். தாத்தா தோட்டத்துக் கதை சொன்னார். தேவாரம் தெரியாத பிள்ளை பாட்டியிடம் இரண்டு பதிகம் கற்றுக்கொண்டது.

ஆனால் அந்த ஒற்றுமையின் செலவை யார் ஏற்றார்கள்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மூன்று வேளைச் சமையல், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசியில் இணையப் பாடம், மாமியாருக்கு மருந்து, இதற்கிடையில் பாதிச் சம்பளத்தில் ஒரு மாதம். வங்கிக் கடனுக்கு 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழி திறந்தது. அது உதவிதான். ஆனால் முதுமைக்கு வைத்த பணம் அன்றாட அரிசிக்குப் போனது என்பதும் உண்மை.

எல்லா வீடும் பாதுகாப்பான வீடாகவும் இருக்கவில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் அதிகரித்தன. அடிக்கும் கையோடு ஒரே கூரையின் கீழ் அடைபட்டவரிடம் போய், குடும்பத்தோடு இருந்ததற்கு நன்றி சொல் என்று எப்படிச் சொல்வது?

"சாமி எங்கள காப்பாத்திருச்சு"

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இந்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்டோர் கோவிட்டால் இறந்தார்கள். 2021 ஆகஸ்டு 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 புதிய தொற்றுகள் பதிவாயின. அந்த மாதங்களில் இறந்தவரின் உடல் வீட்டுக்கு வரவில்லை. வாய்க்கரிசி போட முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே மின்சுடலைக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினரோடு. கருமாதியைத் திரையில் பார்த்த பிள்ளைகள் உண்டு. எல்லை மூடியதால் சிங்கப்பூரிலிருந்து வர முடியாமல் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகன்களும் உண்டு.

அப்படி ஒருவரை இழந்த வீட்டின் முன்னால் நின்று, "சாமி எங்கள காப்பாத்திருச்சு" என்று சொன்னால் அதன் மறுபக்கம் என்ன? அவர்களைச் சாமி கைவிட்டுவிட்டது என்பதா? சொல்பவர் அப்படி நினைப்பதில்லை. ஆனால் கேட்பவர் காதில் அப்படித்தான் விழும். அந்தக் குடும்பமும் அதே மாரியம்மனிடம்தான் காசு முடிந்து வைத்தது. அவர்கள் வேண்டுதலில் குறை இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இங்கேதான் நன்றியைக் கடனாகப் பார்க்கும் நம் மரபு கைகொடுக்கிறது. தப்பித்த மகிழ்ச்சியை நன்றி என்று எண்ணினால் அது தப்பிக்காதவரைக் காயப்படுத்தும். கடன் என்று எண்ணினால் அது அவர்களை நோக்கி நம்மை நடக்க வைக்கும். பிழைத்துக்கொண்டவரே கடனாளி. இழந்தவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர். அவரிடம் போய் நன்றியோடு இரு என்று போதிக்க எவருக்கும் உரிமையில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டிய பொறுப்புதான் உண்டு.

கடனை யாரிடம் செலுத்துவது?

கோயில் மூடியிருந்த காலத்திலேயே பலர் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 2021 ஜூன் இறுதியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது. உணவில்லாத வீட்டார் கையேந்த வேண்டியதில்லை, வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும் என்றார்கள். கொடியைக் கண்ட அக்கம்பக்கத்தார் அரிசியும் மாவும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். இனம், மதம் பார்க்கவில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கண்டால் விலகி நின்றார்கள் முன்னோர். வெள்ளைத் துணி கண்ட வாசலை நெருங்கி வந்தார்கள் இந்தத் தலைமுறையினர். இரண்டும் ஒரே அறத்தின் இரண்டு முகங்கள். திருவிழா அன்னதானத்துக்கு எடுத்துவைத்த காசு அப்படியொரு வாசலுக்குப் போயிருந்தால், அது நேர்த்திக்கடன் இல்லை என்று எந்தத் தெய்வம் சொல்லும்?

இன்று கோயில்கள் திறந்திருக்கின்றன. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு நோயோடு வாழும் கட்டத்துக்கு மாறியது. அன்றே எல்லைகளும் திறந்தன. 2023 மே 5-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. தேங்காய் உடைத்தாகிவிட்டது, பால்குடமும் எடுத்தாகிவிட்டது. ஆனால் மனிதருக்குத் தீர்க்க வேண்டிய கடன்களில் எத்தனை பாக்கி?

முன்களப் பணியாளர்களுக்குக் கைதட்டினோம். ஆனால் 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டு மருத்துவமனை வாசல்களில் நின்றபோது அவர்கள் பக்கம் நின்றவர்கள் எத்தனை பேர்? தொற்று வார்டைக் கூட்டித் துடைத்தவர்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் இருந்தார்கள். அவர்களின் சம்பளத்தையும் வேலைப் பாதுகாப்பையும் பற்றிப் பேசுவதும் நன்றிதான். ஆலயங்களை நம்பிப் பிழைத்த பூக்கடைக்காரர், மாலை கட்டுபவர், நாதஸ்வரக் கலைஞர், தவில் கலைஞர் ஆகியோர் வருமானமின்றிக் கழித்த மாதங்களும் நினைவில் இருக்க வேண்டும்.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று இடைநிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ இருப்பார்கள். முதல் ஆண்டில் எல்லாரும் விசாரித்தார்கள். இப்போது விசாரிப்பார் குறைவு. ஒரு கல்விக் கட்டணம், ஒரு தீபாவளித் துணி, தந்தையின் திதியன்று வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவது. இவையெல்லாம் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் கருமாதிக்குப் போக முடியாதவர்கள் இன்றும் செய்யக்கூடியவை.

குடும்பத்துக்குள்ளும் பாக்கி உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியவரிடம், அது தாயோ மனைவியோ மூத்த மகளோ, "நீங்க இல்லாட்டி நாங்க தாண்டியிருக்க மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நம் வீடுகளில் நன்றி சொல்லும் பழக்கம் குறைவு. சொன்னால் அந்நியமாகத் தோன்றும் என்பார்கள். சொல்ல வராவிட்டால் பரவாயில்லை. அவர் கையிலிருக்கும் பாத்திரத்தை வாங்கிக் கழுவலாம். அதுவும் கடன் தீர்ப்பதுதான்.

அடுத்த தைப்பொங்கலன்று புக்கிட் ரம்பாயில் பானை பொங்கும்போது பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். குலவைக் குரலும் கூடுதலாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, அதே வரிசையில் பானை வைக்காத வீடு ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். இருந்தால் முதல் கிண்ணம் பொங்கல் அங்கே போகட்டும்.